சைக்கிள் விற்ற விவரம்

திங்கட்கிழமை

அன்புள்ள இவளுக்கு,

முப்பத்தோரு வருஷமாக உன்னை "இவளே" என்றுதான் கூப்பிட்டுப் பழக்கம். காகிதத்தில் உன் பெயரை எழுதப் போனால் வேறு யாருக்கோ எழுதுகிற மாதிரி கூச்சமாக இருக்கிறது. உறையின் மேல் மட்டும் பெயர் இருக்கும். தபால்காரருக்கு "இவள்" யாரென்று தெரியாதல்லவா.

நானும் நம் மகளும் இங்கே சுகம். அவளைக் கொக்கு என்று கூப்பிடாதீர்கள், அவள் வேலை பார்க்கிற ஸ்கேன் சென்டரில் எல்லோரும் மேடம் என்கிறார்கள் என்று நீ கண்டித்திருந்தாய். முயற்சி செய்து பார்த்தேன். வாயில் வரவில்லை. என் உயரத்தோடு பிறந்தது அவள் குற்றமில்லைதான், ஆனாலும் கொக்கு கொக்குதான்.

உன் சுகத்தை, உன்னைத் தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிற உன் தங்கை வாரம் தவறாமல் எழுதிவிடுகிறாள். தாடை ஆபரேஷனுக்குப் பிறகு இப்போதுதான் ஸ்பூனால் கொடுப்பது கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்குகிறது என்று போன வாரம் எழுதியிருந்தாள். அன்றைக்கு மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வந்தவர்களிடம் எல்லாம் சிரித்துப் பேசினேன். முதலாளி என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். போனில் நான் பேச, நீ பதில் சொல்ல முடியாமல் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம், கடிதமே போதும் என்று நீ எழுதியது நியாயம்தான். இத்தனை வருஷம் நீ பேசினாய், நான் கேட்டேன். இப்போது மாற்றிக்கொண்டால் இரண்டு பேருக்கும் சரிப்பட்டு வராது.

சைக்கிள் விஷயத்துக்கு வருகிறேன். அதை விற்றுவிடுங்கள் என்று உன் தங்கையின் கடிதத்தோடு நீ வைத்து அனுப்பிய துண்டுச் சீட்டு கிடைத்ததும், நீ சொன்னபடியே ஓர் அட்டையில் எழுதி, சைக்கிள் கடைக்காரரிடம் கொடுத்து, அவர் கடைச் சுவரில் ஒட்டச் சொன்னேன். "பழைய ரேஸ் சைக்கிள். கத்தரிப்பூ நிறம். குள்ளமானவர்களுக்கு மட்டும்." கடைக்காரர் படித்துவிட்டு, "குள்ளமானவங்கன்னு போட்டா எவன் சார் வருவான்? அவனவன் தன்னை உயரம்னுதானே நெனச்சிக்கிட்டு இருக்கான்" என்றார். உன் நிபந்தனை அது, என்னால் மாற்ற முடியாது என்று சொல்லிவிட்டேன்.

முதலில் வந்தவர் பழைய பொருட்கள் சேர்ப்பவர். ஒரு காந்தத் துண்டும் டார்ச் லைட்டும் கையோடு கொண்டுவந்திருந்தார். பழைய எஃகுதானா என்று பிரேமில் ஒவ்வொரு குழாயிலும் காந்தத்தை ஒட்டிப் பார்த்தார். ஒட்டிய இடத்தில் எல்லாம், பேரன் முதல் அடி எடுத்து வைத்த மாதிரி சந்தோஷப்பட்டார். இதற்கு வரலாறு உண்டா என்று கேட்டார். சொன்னேன். உன் பெரியப்பா தன் உடம்புக்கு அளவு கொடுத்துச் செய்யவைத்த வண்டி, அவர் முழங்கால் போனதும் தம்பிக்குக் கொடுத்தார், அந்தத் தம்பிதான் என் மாமனார், அவருக்குப் பிறந்த ஆண்பிள்ளைகள் இரண்டும் பனைமரம், அதனால் மகளுக்கு வந்தது, மகள் இருபத்தாறு வருஷம் இதில் ஏறித்தான் ஊர் முழுக்கத் தண்ணீர் மீட்டர் பார்த்தாள் என்று சொன்னேன். "ரேஸ் சைக்கிள்ல மீட்டர் பாத்தாங்களா?" என்று வாயைப் பிளந்தார். பிறகு, "ஹால்ல சோபாவுக்கு மேல மாட்டப் போறேன் சார். கீழேருந்து ஒரு லைட் கொடுத்தா எப்படி இருக்கும் தெரியுமா?" என்றார். மனைவியிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். கேட்கவில்லை. கேட்டால் நீ என்ன எழுதுவாய் என்று எனக்குத் தெரியும், தபாலில் அனுப்பத்தக்க வார்த்தையாக அது இருக்காது.

இரண்டாவது ஆள் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறவன். நல்ல பையன்தான். ஆனால் ஆறடி. ஏறி உட்கார்ந்ததும் முழங்கால் இரண்டும் காதுக்குப் பக்கத்தில் வந்து, வெட்டுக்கிளி மாதிரி இருந்தான். வளைந்த ஹேண்டில்பாரை எடுத்துவிட்டு நேராக ஒன்று போடுவானாம். "முழுக்கக் கறுப்பு அடிச்சா கெத்தா இருக்கும் அங்கிள்" என்றான். வண்டியைப் பார்த்தேன். அதற்கே கூசியிருக்கும். வேறு ஒருவர் முன்பணம் கொடுத்துவிட்டார் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லி அனுப்பினேன்.

வேறு யாரும் வரவில்லை. பொறுமையாக இருப்போம். நல்ல ஆள் வரும்போது வரட்டும். என்ன அவசரம்?

நீ வரும்வரை நடைவழியில் அது நிற்கட்டும், எனக்குப் பாரமா என்ன? போகவர முழங்காலில் பெடல் இடிக்கிறது, அவ்வளவுதான். அதற்கும் எனக்கும் முப்பத்தோரு வருஷப் பகை. காற்று இறங்கினால் கடைக்காரரிடம் கொண்டுபோய் அடித்துக்கொண்டு வருகிறேன்.

கொக்கு உனக்காக ஒரு கம்பளிக் குல்லா வாங்கி வைத்திருக்கிறாள். பார்சலில் வரும். நிறம் பிடிக்காவிட்டால் திட்டு என் பேருக்குத்தான் வரும், எனக்கு அதில் பங்கில்லை என்று இப்போதே சொல்லிவைக்கிறேன்.

மருந்தைத் தள்ளிப் போடாதே. தங்கையிடம் கோபப்படாதே.

இப்படிக்கு,
உன் கண்ணாடிக்காரன்

*

ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள இவளுக்கு,

உன் சீட்டு வந்தது. ஒரே ஒரு கேள்விதான் எழுதியிருந்தாய். "ரெண்டு பேரைப் பத்தி இவ்வளவு வக்கணையா எழுதியிருக்கீங்களே, மூணாவதா வந்தது யாரு?"

இத்தனை தூரத்தில் படுத்துக்கொண்டு உனக்கு எப்படித் தெரிந்தது? கொக்குகூடச் சொல்லியிருக்க முடியாது, அன்றைக்கு அவள் வேலைக்குப் போயிருந்தாள்.

சொல்லிவிடுகிறேன். மூன்றாவதாக ஒரு பெண் வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். உன் உயரம். உன் உயரம் என்றால் விரல்கடை வித்தியாசம்கூடக் கிடையாது. நம் வாசற்படியில் அவள் நின்றபோது, கதவுக் கண்ணாடியில் உன் தலை எந்த இடத்தில் தெரியுமோ அந்த இடத்தில் தெரிந்தது. முழங்கைக்குக் கீழே இரண்டு கையிலும் சின்னச் சின்னதாகச் சூடுபட்ட கோடுகள். சைக்கிள் கடையில் அட்டையைப் பார்த்தாளாம். ஞாயிற்றுக்கிழமைகளில் பெண்களுக்கான பந்தயங்களில் ஓட்டுகிறாளாம், இரவல் வண்டியில், அதுவும் அளவு பெரிய வண்டியில்.

நடைவழியில் வண்டியைப் பார்த்ததும் தொடவில்லை. "கை கழுவ எடம் இருக்குங்களா?" என்று கேட்டாள். சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்தாள். பின்சக்கரத்தைத் தரையிலிருந்து சற்றே தூக்கி, பெடலை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, தலையைச் சாய்த்து அதன் சத்தத்தைக் கேட்டாள். நீ அப்படித்தான் கேட்பாய். நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நிறத்தை மாற்றுவாயா என்று கேட்டேன். "இதையா?" என்றாள். சுவரில் மாட்டுவாயா என்று கேட்டேன். சிரித்துவிட்டாள். "நாங்க இருக்குற வீட்டுச் சுவர்ல காலண்டர் மாட்டினாலே காரை கொட்டும் சார்" என்றாள். ஆள் குள்ளமாக இருக்க வேண்டும், நிறத்தை மாற்றக் கூடாது, வண்டியை ஓட்ட வேண்டும் என்ற உன் நிபந்தனை எதிலும் அவள் தவறவில்லை. கடைசியாக அவள் ஒரு கேள்வி கேட்டாள். "இவ்வளவு நல்லா வச்சிருக்காங்களே, அவங்க ஏன் விக்குறாங்க?"

நான் சொன்னேன், "வித்தாச்சும்மா. காலையிலதான் ஒருத்தர் பேசி முடிச்சிட்டுப் போனார்." தான் பிடித்திருந்த இடத்தைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு, படியிறங்கிப் போனாள். அவள் பெயரையும் நான் கேட்கவில்லை, ஊரையும் கேட்கவில்லை.

திட்டு. ஆனால் இதையும் கேள். உன் முதல் சீட்டில், "இப்பவே வித்துடுங்க, பிறகு நீங்க விக்க மாட்டீங்க, துடைச்சித் துடைச்சி வச்சிக்கிட்டு உக்காந்திருப்பீங்க" என்று எழுதியிருந்தாய். பிறகு என்றால் எதற்குப் பிறகு என்று நான் கேட்கவில்லை. கொக்கிடம் அந்தச் சீட்டைக் காட்டினேன். அவளும் கேட்கவில்லை. அந்த வார்த்தை எழுதியிருந்த இடத்தில் விரலை வைத்து மூடிக்கொண்டு மற்றதை மட்டும் படித்தாள்.

வியாழக்கிழமை உன் தங்கையின் கடிதத்தோடு ரிப்போர்ட்டும் வந்தது. ஊசி வழியாக ஏற்றுகிற மருந்தை நிறுத்திவிட்டார்கள், இனி வலிக்கு மட்டும் கொடுப்பார்கள் என்று எழுதியிருந்தாள். மருந்தை நிறுத்தினால் நல்லதுதானே, தேவைப்படவில்லை என்றுதானே அர்த்தம் என்று கொக்கிடம் கேட்டேன். "ஆமாம்ப்பா" என்றாள். ரிப்போர்ட்டை மடித்து வைத்துவிட்டுப் போய்ப் பாத்திரம் தேய்த்தாள். காலையிலேயே தேய்த்துக் கவிழ்த்து வைத்த பாத்திரங்கள். எல்லாவற்றையும் எடுத்து மறுபடி தேய்த்தாள்.

கடையில் ஒரு விஷயம். ஒரு லாரி டிரைவர் கண் பரிசோதனைக்கு வந்தார், லைசென்ஸைப் புதுப்பிக்க. எழுத்து அட்டையை முதல் வரியிலிருந்து கடைசிப் பொடி எழுத்து வரை கடகடவென்று சொன்னார். எனக்குச் சந்தேகம் வந்து, திரும்பிப் போகிற மாதிரி போய் அட்டையை மாற்றி வைத்தேன். பழைய அட்டையில் இருந்ததையே மறுபடியும் ஒரு பிசகில்லாமல் ஒப்பித்தார். மனப்பாடம் செய்துகொண்டு வந்திருக்கிறார். நான் எத்தனையோ பேரிடம் இந்தத் தந்திரத்தைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். இவரைப் பார்த்துச் சிரிப்பு வரவில்லை. "ரொம்ப நாளாத் தெரியலையா?" என்று கேட்டேன். "தெரியலைன்னு எனக்கே சொல்லிக்கலை சார்" என்றார்.

நான் அங்கே வரட்டுமா என்று இதோடு ஐந்தாவது தடவை கேட்கிறேன். முதலில் கட்டுப் பிரிக்கட்டும் என்றாய். பிறகு வீக்கம் வடியட்டும் என்றாய். அப்புறம், முகம் கோணிப் போயிருக்கிறது, இதைப் பார்த்து நீங்கள் என்ன செய்யப்போகிறீர்கள் என்று எழுதினாய். கடைசித் தடவை கேட்டதற்குப் பதிலே இல்லை.

அந்தப் பெண்ணைத் தேடிப் பிடிக்கச் சொல்லித்தான் உன் அடுத்த சீட்டு வரும். அது வருமுன்னே நான் தேடாமல் இருக்க ஏதாவது காரணம் கிடைக்கிறதா என்று பார்க்கிறேன். இதுவரை கிடைக்கவில்லை.

இப்படிக்கு,
பொய் சொன்னவன்

*

செவ்வாய்க்கிழமை

அன்புள்ள இவளுக்கு,

சைக்கிளை விற்றுவிட்டேன்.

இதை முதல் வரியில் எழுதிவிட்டால் மற்றதை நிதானமாக எழுதலாம் என்று நினைத்தேன். எழுதிவிட்டு எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

உன் சீட்டு சனிக்கிழமையே வந்தது. "அவளைத் தேடுங்க" என்று இரண்டே வார்த்தை. எப்போதும் மீட்டர் நோட்டில் எழுதுகிற மாதிரிக் கோடு போட்டது போல எழுதுவாய், இந்தச் சீட்டில் இரண்டாவது வார்த்தை கீழே சரிந்து இறங்கியிருந்தது. அதற்குப் பிறகு எனக்கு வேறு காரணம் தேட மனம் வரவில்லை.

நேற்று முதலாளியிடம் லீவு சொல்லிவிட்டுச் சைக்கிள் கடைக்காரரிடம் போனேன். கையில் சூட்டுக் கோடு போட்ட பெண் என்று சொன்னதுமே அவருக்குத் தெரிந்துவிட்டது. "ரொட்டி ஃபேக்டரியில அடுப்புக்கிட்ட வேலை சார். மேட்டுக்கு அந்தப் பக்கம், பம்பிங் ஸ்டேஷனைத் தாண்டி. ரெண்டு மணிக்கு ஷிப்ட் முடியும்" என்றார். அவளை மறுபடி நம் வீட்டுக்கு வரச் சொன்னால், அவள் வந்து சேர்வதற்குள் என் மனது எத்தனை பல்டி அடிக்குமோ என்று பயம். அதனால் வண்டியைக் கையோடு கொண்டுபோய்விடுவது என்று முடிவு செய்தேன்.

தோளில் தூக்கி மாடிப்படியில் இறக்கினேன். நீ ஒரு கையால் தூக்கிக்கொண்டு மறு கையில் சாவியைத் தேடுவாய். நான் இரண்டு கையாலும் தூக்கி, சுவரில் இரண்டு இடத்தில் இடித்து, கீழ் வீட்டு டீச்சரம்மா எட்டிப் பார்த்து, ஒரு வழியாகத் தெருவுக்கு வந்தேன். அப்புறம் தள்ளிக்கொண்டே நடந்தேன். பாதை எனக்குச் சரியாகத் தெரியாது. ஆனால் மேட்டுக்குப் போவதென்றால் நீ மீட்டர் பார்க்கும் தெருக்கள் வழியாகத்தான் போக வேண்டும் என்பது நடக்க ஆரம்பித்த பிறகுதான் உறைத்தது.

என்னை யாருக்கும் தெரியவில்லை. சைக்கிளை எல்லோருக்கும் தெரிந்தது. துணி தேய்ப்பவர் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, "மீட்டர் அக்கா வண்டியாச்சே? ஏன் தள்ளிட்டுப் போறீங்க, பஞ்சரா?" என்றார். எனக்கு ஓட்டத் தெரியாது என்றேன். சிரித்தார். பிறகு அக்கா எங்கே என்று கேட்டார். தங்கை வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்றேன். பொய்யில்லை.

அடுத்த தெருவில் ஒரு நாய். காதில் பாதி இல்லாத நாய், நீ சொல்லியிருக்கிறாய். தூரத்தில் வண்டியைப் பார்த்ததும் குரைத்துக்கொண்டு பாய்ந்து வந்தது. கிட்டே வந்து நிமிர்ந்து என்னைப் பார்த்தது. குரைப்பதை நிறுத்திவிட்டது. யாரைக் கடிப்பது என்று அதற்குப் புரியவில்லை போலிருக்கிறது. தெருமுனை வரை பேசாமல் கூடவே வந்தது.

ஒரே மாதிரி வீடுகள் வரிசையாக இருக்கிறதே, அங்கே ஒரு வயதான அம்மாள் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். என்னைக் கூப்பிட்டார். "தம்பி, அந்தப் பொண்ணுகிட்டச் சொல்லுங்க, சமையல்கட்டுக் குழாய் மறுபடியும் சொட்டுது" என்றார். வாரியத்தில் புகார் கொடுங்கள் அம்மா, மீட்டர் பார்ப்பவர்கள் குழாயைச் சரிசெய்ய மாட்டார்கள் என்றேன். "அவ செய்வா" என்றார். "குழாயெல்லாம் மூடியிருக்கும்போது மீட்டர் முள் ஓடுதான்னு பாத்துக்கிட்டு நிப்பா. ஓடிச்சின்னா உள்ள வந்துடுவா. சீட்டுக்குக் கீழ பை இருக்கு பாருங்க."

பார்த்தேன். இருபத்தாறு வருஷமாக அதில் பஞ்சர் ஒட்டுகிற சாமான் இருக்கிறது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். பை நிறைய வாஷர். கறுப்பு ரப்பர் வாஷர், மூன்று அளவில், தனித்தனிப் பொட்டலமாக. ஒரு சின்ன ஸ்பானர். வீட்டில் நம் குளியலறைக் குழாய் எத்தனை மாதம் சொட்டிக்கொண்டிருந்தது, அதைப் பற்றி ஒருநாள் நீ வாய் திறந்ததுண்டா? இதை நேரில் கேட்க வேண்டும்.

அந்த அம்மாள் வீட்டுக் குழாயை நானே கழற்றினேன். மெயின் வால்வை மூட வேண்டும் என்பது கழற்றிய பிறகுதான் தெரிந்தது. சட்டை முழுக்க நனைந்துவிட்டது. அவர் துண்டு கொடுத்துவிட்டு, "அவளுக்கு இவ்வளவு தண்ணி வராது" என்றார். சொட்டு நின்றுவிட்டது என்று சொல்ல மாட்டேன். குறைந்தது.

ஈரச் சட்டையோடு மேட்டில் ஏறினேன். நல்ல செங்குத்து. வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்து ஏறவே எனக்கு மூச்சு வாங்கியது. பாதியில் நின்று, வண்டியின் மேல் கையை ஊன்றிக்கொண்டு திரும்பிப் பார்த்தேன். இந்த மேட்டில் தினமும் ஏறிவிட்டு வந்துதான் வீட்டில் நின்றுகொண்டே சமைத்தாய். கால் வலிக்கிறது என்று நீ சொன்ன நாட்கள் எனக்கு நினைவில் இல்லை. நீ சொல்லவில்லையா, நான் கேட்கவில்லையா, இப்போது பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

ரொட்டி ஃபேக்டரி வாசலில் போய் நிற்கும்போது மணி இரண்டாகப் பத்து நிமிஷம். இரண்டுக்குச் சங்கு ஊதியது. பெண்கள் கூட்டமாக வெளியே வந்தார்கள். தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்துக்கொண்டே வந்த அவள், முதலில் சைக்கிளைப் பார்த்தாள். பிறகுதான் என்னை.

"விக்கலம்மா. அன்னிக்குப் பொய் சொன்னேன்" என்றேன். வழியெல்லாம் வேறு விதமாகச் சொல்ல நினைத்து வைத்திருந்தேன், எதுவும் வரவில்லை.

"தெரியும் சார்" என்றாள். "வித்த வண்டியை யாரும் அப்படி முன்னாடி நின்னு மறைக்க மாட்டாங்க."

கோபமாகச் சொல்லவில்லை. என் சட்டை ஏன் நனைந்திருக்கிறது என்று கேட்டாள். குழாய் என்றேன். அவளுக்கு என்ன புரிந்ததோ, தலையாட்டினாள். விலை நீ சொன்னதுதான். அதைப் பற்றி எழுத எனக்குப் பிடிக்கவில்லை, கொக்கு எழுதுவாள்.

ஓட்டிப் பார்க்கச் சொன்னேன். சீட்டை ஏற்ற வேண்டுமா, இறக்க வேண்டுமா என்று பார்க்க, நான் பின்னால் சீட்டைப் பிடித்துக்கொண்டேன். அவள் ஏறி உட்கார்ந்து, ஒரு காலை முழுக்க நீட்டிப் பெடலில் வைத்துப் பார்த்தாள். ஏற்றவும் வேண்டாம், இறக்கவும் வேண்டாம். உன் அளவு அப்படியே அவளுக்குச் சரியாக இருந்தது. பின்னாலிருந்து பார்த்தால் தோள்பட்டைகூட.

"விடுங்க சார்" என்றாள்.

விட்டுவிட்டேன் என்றுதான் நினைத்தேன். விடவில்லை. "சார், பிடியை விடுங்க" என்று மறுபடி சொன்னாள். மூன்றாவது தடவை அவள் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் காத்திருந்தாள். அவளோடு ஷிப்ட் முடித்து வந்த பெண்கள் நாலைந்து பேரும் நின்றார்கள். ஒருத்தியும் சிரிக்கவில்லை.

அப்புறம் விட்டேன்.

அவள் மிதித்தாள். முதல் நாலு மிதிக்குள் எவ்வளவு தூரம் போய்விட்டாள் தெரியுமா? நீ என்னோடு பக்கத்தில் மெதுவாக உருட்டிக்கொண்டு வந்துதான் நான் பார்த்திருக்கிறேன். அந்த வண்டி இவ்வளவு வேகம் போகும் என்று எனக்குத் தெரியாது. சாலை வளைவில் உடம்பைச் சாய்த்துத் திரும்பி மறைந்துவிட்டாள். செயின் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது, பிறகு அதுவும் இல்லை. பக்கத்தில் நின்ற ஒரு பெண், "வந்துடுவா சார், ஏமாத்துற ஆள் இல்ல" என்று எனக்குச் சமாதானம் சொன்னாள். நான் அதற்காகக் கலங்கியதாக நினைத்துவிட்டாள்.

திரும்பி வந்தபோது அவள் முகம் பழுத்துச் சிவந்திருந்தது. "மேட்டுல ரெண்டாவது கியர் ஏறும்போது கொஞ்சம் தயங்குது. அவங்க எப்படிச் சமாளிச்சாங்கன்னு கேட்டுச் சொல்லுங்க" என்றாள். கேட்கிறேன் என்றேன். "அடுத்த மாசம் பந்தயம் இருக்கு. அவங்களைக் கூட்டிட்டு வாங்க சார். தன் வண்டி எப்படிப் போகுதுன்னு அவங்க பாக்கணும்ல."

வருவாள், கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். துணி தேய்ப்பவருக்கு ஒன்று சொன்னேன், இந்தப் பெண்ணுக்கும் ஒன்று சொல்ல என்ன கஷ்டம்? ஆனால் வாயிலிருந்து வந்தது வேறு. "அவ வரமாட்டாம்மா" என்றேன். "இனிமே வரமாட்டா."

இவளே, அதை அதற்கு முன்னால் நான் யாரிடமும் சொன்னதில்லை. கொக்கிடமும் இல்லை, எனக்கு நானேகூடச் சொல்லிக்கொண்டதில்லை. யாரோ ஒரு பெண்ணிடம், பெயர்கூடத் தெரியாதவளிடம், ரொட்டி வாசனை அடிக்கும் ஒரு கேட்டுக்கு முன்னால் நின்று சொன்னேன். அவள் வண்டியிலிருந்து இறங்கினாள். பையிலிருந்து சூடு ஆறாத ஒரு ரொட்டியை எடுத்து, காகிதத்தில் சுற்றி என் கையில் கொடுத்தாள். மேட்டிலிருந்து இறங்கி நடந்து வரும் வழியில் அதை முழுக்கத் தின்றேன். நல்ல பசி இருந்திருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் கொக்கிடம் சொன்னேன், விற்றதை மட்டும் இல்லை, எனக்குத் தெரியும் என்பதையும். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "எப்படிப்பா சொல்றதுன்னு ரெண்டு வாரமா முழிச்சிக்கிட்டு இருந்தேன்" என்றாள். பாவம், பெற்றவனுக்குத் தெரியக்கூடாது என்று பெண்ணும், பெண்ணுக்குத் தெரியக்கூடாது என்று பெற்றவனும், ஒரே வீட்டில் இரண்டு திருடர்கள் மாதிரி நடமாடிக்கொண்டிருந்திருக்கிறோம். நேற்றுத்தான் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து அழுதோம். நீ பார்த்திருந்தால், "போதும், வேலையைப் பாருங்க" என்றிருப்பாய்.

இப்போது நான் சொல்வதைக் கேள். நீ சொன்ன வேலையைச் செய்துவிட்டேன். நீ போட்ட எல்லா நிபந்தனைக்கும் கட்டுப்பட்ட ஆளிடம் வண்டி போய்ச் சேர்ந்தாயிற்று. இனி என் முறை.

வெள்ளிக்கிழமை காலை ரயிலில் அங்கே வருகிறேன். டிக்கெட் எடுத்துவிட்டேன். கொக்கு சனிக்கிழமை வருவாள். இந்தக் கடிதம் உனக்குக் கிடைக்க மூன்று நாள் ஆகும். வேண்டாம் என்று நீ சீட்டு எழுதினாலும், அது இங்கே வந்து சேரும்போது நான் உன் வாசலில் இருப்பேன். யோசித்துத்தான் தபாலில் போடுகிறேன்.

முகத்தை நான் பார்க்கக் கூடாது என்பதுதானே உன் கவலை? நாள் முழுக்க முகங்களைப் பார்ப்பது என் பிழைப்பு. உன் முகத்தை மட்டும் பார்க்காதே என்றால் பார்க்கவில்லை. நீ சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள். உன் முதுகுப் பக்கம் ஒரு நாற்காலி போடச் சொல்லித் தங்கையிடம் சொல்லிவை, போதும். நான் பேச மாட்டேன். நீயும் எழுத வேண்டாம். கையை மட்டும் போர்வைக்கு வெளியே வைத்திரு.

அதுவரை இரு.

உன்னவன்